பட்டி நாயும் ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டும்

எமது மதரஸாவின் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறுவன், சென்ற ஆண்டு ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் வருவதை நிறுத்திவிட்டான். செங்கம் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில் அவனுடைய குடும்பத்துக்குச் சிறிது புன்செய் நிலமும் ஓர் ஆட்டுப்பட்டியும் இருக்கின்றன. மழையால்தான் பிள்ளை வரவில்லை என்று நாம் எண்ணியிருந்தோம். காரணம் நாமே என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஒரு நாள் ஹதீஸ் பாடத்தில், நாய் வளர்ப்போரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறைந்துபோகும் என்ற செய்தியை எடுத்துச் சொன்னோம். கீராத் என்றால் என்ன அளவு என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே மஃக்ரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். மீதியை நாளை பார்ப்போம் என்று கித்தாபை மூடிவிட்டோம். மறுநாள் வேறு பாடம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைகள் கேட்ட பாதியை மறக்கவில்லை. "உங்க வீட்டு நன்மையெல்லாம் நாய் தின்னுடுச்சு" என்று அந்தச் சிறுவனைச் சுற்றிநின்று சிரித்திருக்கிறார்கள்.

அவனுடைய நன்னிமா நம்மைத் தேடி வந்தார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, கோபமில்லாத குரலில் பேசினார். "ஹஜ்ரத், நாயைத் தொரத்திடுங்கன்னு புள்ள அழுவுறான். தொரத்திடறோம். ராத்திரி பட்டியில யாரு படுக்கறதுன்னு அதையும் நீங்களே சொல்லிடுங்க."

அதற்கு நம்மிடம் அப்போது பதில் இல்லை. அவரை அனுப்பிவிட்டு வந்து, நாம் பாதியில் மூடிய கித்தாபை மீண்டும் திறந்தோம். அன்று தொடங்கிய வாசிப்பு ஹதீஸ் நூல்களோடு நிற்கவில்லை. எமது மாவட்டத்து மண்ணிலேயே நடப்பட்டிருந்த ஒரு கல்லில் கொண்டுபோய் விட்டது. அந்தக் கல்லிலிருந்தே தொடங்குவது நல்லது.

திருவண்ணாமலை என்றதும் வெளியூரார்க்குப் பெரிய கோயிலும் கார்த்திகைத் தீபமும் கிரிவலமுமே நினைவுக்கு வரும். மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு இன்னொரு பெருமை உண்டு. செங்கம் வட்டாரம் நடுகற்களின் நிலம். ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரர்க்கும், ஊரைக் காத்து உயிர்விட்டவர்க்கும் எடுத்த கற்கள் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அவற்றைத் தேடித் தொகுத்து, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை 1972இல் வெளியிட்டது. அரசர்களின் கல்வெட்டுகளில் கொடையும் வெற்றியும் பேசப்படும். நடுகற்களில் மாடு மேய்த்தவனும் சேவகனும் பேசப்படுகிறார்கள். எமக்கு இந்த இரண்டாவது வகையின்மீதே பற்று அதிகம்.

அவற்றுள் எடத்தனூர் என்னும் ஊரின் கல் தனிச்சிறப்புடையது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் அது நடப்பட்டது. வாணகோ அரசரின் மருமகனான பொற்றொக்கையாருக்கு உரிய வீரன் கருந்தேவக்கத்தி என்பவன், தன் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்தான் என்று கல் சொல்கிறது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்கெனத் தனியே ஓர் எழுத்துப்பொறிப்பும் உண்டு. கோவிவன் என்னும் பெயருடைய அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்பது அதன் பொருள்.

ஒரு நாயின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. கருந்தேவக்கத்தியோடு அன்று பொருத வேறெவரின் பெயரும் அந்தக் கல்லில் இல்லை. நடுகல்லுக்குப் படையல் வைப்பது நம் வழியன்று. அதை இங்கே விளக்க வேண்டியதில்லை. கல்லில் எழுதியிருப்பதைப் படிப்பது வேறு. மந்தைக்காரனுக்கும் அவனுடைய நாய்க்கும் இடையே இருந்த உறவு எத்தகையது, அந்த நாய் எதற்காக மதிக்கப்பட்டது என்பவற்றை அது சொல்கிறது. அழகுக்காக அன்று, இரவில் விழித்திருந்ததற்காக.

இதே செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடிய பழைய நூலான மலைபடுகடாமிலும், மலைவாழ் மக்கள் வழிப்போக்கர்க்கு அளிக்கும் விருந்தில் நாய் விரட்டிப் பிடித்த இறைச்சி இடம்பெறுகிறது. ஆக, வேட்டைக்கு நாய், மந்தைக்கு நாய் என்ற வழக்கம் எமது வட்டாரத்துக்கு மிகப் பழையது.

இப்போது ஆண்டைக் கவனியுங்கள். மகேந்திரவர்மன் அரியணை ஏறியது கி.பி. 590ஐ ஒட்டி என்று கொண்டால், முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு கி.பி. 624ஐ ஒட்டி வரும். ஹிஜ்ரத் நடந்தது 622இல். பத்ருப் போர் 624ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 2இன் ரமளானில். செங்கத்துக்கருகே ஒரு சிற்பி கோவிவனின் உருவத்தை வெட்டிக்கொண்டிருந்த காலமும், மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த காலமும் ஒன்றே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. இந்த ஊரார் எருமைக்கும் ஆட்டுக்கும் நாயைக் காவல் வைத்த அதே ஆண்டுகளில், நாயைப் பற்றி மதீனாவில் என்ன பேசப்பட்டது?

பேசப்பட்டது ஒரே நாளில் முடிந்த பேச்சன்று. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்திகளை வரிசையாகப் படித்தால் அது விளங்கும். ஜிப்ரீல் (அலை) அவர்கள் வருவதாகச் சொன்ன நேரத்தில் வரவில்லை. வீட்டுக்குள் ஒரு நாய்க்குட்டி இருந்தது பிறகு தெரிந்தது; அதை வெளியேற்றி, அது கிடந்த இடத்தில் தண்ணீர் தெளித்தார்கள். மறுநாள் நாய்களைக் கொல்லும்படி கட்டளை வந்தது. அந்தக் கட்டளையிலும்கூட, சிறிய தோட்டத்து நாய் சேர்க்கப்பட்டது. பெரிய தோட்டத்து நாய் விடப்பட்டது. பெரிய தோட்டத்தை மனிதன் ஒருவனே சுற்றிவந்து காக்க முடியாது என்ற நடைமுறை அதற்குள்ளேயே இருக்கிறது. பின்னர் அந்தக் கட்டளையே நிறுத்தப்பட்டது. மக்களுக்கும் நாய்களுக்கும் என்ன வழக்கு என்று கேட்டுவிட்டு, வேட்டை நாய்க்கும் மந்தை நாய்க்கும் அனுமதி அளித்தார்கள் என்று அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) அறிவிக்கிறார். நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயமே என்ற கருத்தும் அவர் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது.

நாம் வகுப்பில் பாதியில் நிறுத்திய ஹதீஸுக்கு வருவோம். அதன் மறுபாதி விலக்கு. வேட்டை நாய், கால்நடைக் காவல் நாய், விளைநில நாய் ஆகியவற்றை வளர்ப்போர்க்கு அந்தக் குறைவு இல்லை. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் வாசகத்தில் வேட்டையும் கால்நடையும் மட்டுமே வரும். விளைநிலத்தைச் சேர்த்து அறிவிப்பவர் அபூஹுரைரா (ரலி). இதைப் பற்றி இப்னு உமர் (ரலி) அவர்களிடம் சொன்னபோது, அபூஹுரைராவுக்கு விளைநிலம் இருந்தது என்று அவர் விடை கூறியதாக முஸ்லிமில் இருக்கிறது.

சிலர் இதைக் குறைசொல்லாக எடுத்துக்கொள்வதுண்டு. தமக்கு வசதியானதைச் சேர்த்துக்கொண்டார் என்பதுபோல. ஹதீஸ்கலை அறிஞர்கள் அப்படிக் கொள்ளவில்லை. நிலம் உடையவர் நிலத்தைப் பற்றிய சொல்லைக் கூர்ந்து கேட்டார், மனத்தில் பதித்தார் என்றே அதற்கு விளக்கம் தந்தார்கள். ஸுஃப்யான் இப்னு அபீ ஸுஹைர் (ரலி) என்ற மற்றொரு தோழரும் விளைநிலத்தைச் சேர்த்தே அறிவித்திருக்கிறார். இந்த இடத்தில் நாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். தேவை யாருக்கு இருந்ததோ அவருடைய நினைவில் அந்தச் சொல் முழுதாக நின்றது. நமக்கு ஆடும் இல்லை, நிலமும் இல்லை. நம் நினைவில் முதற்பாதி மட்டுமே நின்றது.

வேட்டை நாய் விஷயத்திலும் இதுவே நடந்தது. தய்யு குலத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி), வள்ளன்மைக்குப் பெயர்போன ஹாத்திமுத் தாயியின் மகன், இஸ்லாத்தை ஏற்றபின் நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் நாய்களைப் பற்றியே கேட்டார். கேட்டவை யாவும் நாயோடு காட்டில் திரிந்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்விகள். பழக்கிய நாயை ஏவிவிட்டால்? அது பிடித்த இரையைக் கொன்றேவிட்டால்? அதில் கொஞ்சம் தின்றுவிட்டால்? வேறொரு நாயும் வந்து கலந்துகொண்டால்? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை கிடைத்தது. இறைவன் பெயர் சொல்லி ஏவியிருந்தால் உண்ணலாம். நாய் தின்றிருந்தால் அது தனக்காகப் பிடித்தது, ஆகவே கூடாது. வேறு நாய் கலந்திருந்தால் அதன்மீது நீர் இறைவன் பெயர் சொல்லவில்லை, ஆகவே கூடாது. இதற்கு அடிப்படையான மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனத்தில், வேட்டைப் பிராணிகளைப் பழக்குவோரைக் குறிக்கும் சொல்லே 'கல்ப்' என்ற வேரிலிருந்து பிறந்தது. அல்லாஹ் உங்களுக்குக் கற்பித்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்பிக்கிறீர்கள் என்ற கருத்தும் அங்கே வருகிறது. மதரஸாவில் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு அந்த இடத்தைக் கடந்துபோவது எளிதாக இல்லை.

அதீ (ரலி) அவர்களை யாரும் "நாய்க்காரன்" என்று சிரிக்கவில்லை. அவர் கேட்டதால்தான் இன்று வேட்டைப் பாடம் என்றொரு பாடமே ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது.

சட்ட அறிஞர்கள் கருத்து வேறுபட்ட இடங்களையும் மறைக்கக் கூடாது. நாயின் உடல் முழுவதும் நஜீஸ் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்து, கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் எச்சில்தான் நஜீஸ். உலர்ந்த உடல் ஆடையில் பட்டதால் ஆடை கெட்டுவிடாது. பாத்திரத்தை மும்முறை கழுவினால் போதும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, நாய் பிடித்த இரையை உண்ணலாம் என்றிருக்க அதன் எச்சிலை எப்படி வெறுப்பது என்று கேட்டார். பாத்திரம் கழுவுவதை ஒரு வணக்கக் கட்டளையாகவே அவருடைய மத்ஹபு கொண்டது. எமது மாவட்டத்தில் ஹனஃபிகளே மிகுதி. கடற்கரை ஊர்களிலிருந்து பெண் எடுத்த வீடுகளில் ஷாஃபிஈ முறையும் உண்டு. ஆகவே ஒரே வீட்டில் மாமியார் மூன்று முறையும் மருமகள் ஏழு முறையும் கழுவுவதைப் பார்க்கலாம். இருவரும் சரியே.

வீட்டுக் காவலுக்கு நாய் வைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. ஹதீஸில் மூன்று மட்டுமே சொல்லப்பட்டிருக்கின்றன. இமாம் நவவீ (ரஹ்) தம் முஸ்லிம் விரிவுரையில், அந்த மூன்றில் உள்ள காரணத்தை ஒப்பிட்டு, வீட்டையும் தெருவையும் காப்பதற்கும் அனுமதி உண்டு என்பதே சரியானது என்கிறார். காவலுக்குப் பழக்குவதற்காகக் குட்டியை வளர்ப்பதும் கூடும் என்கிறார். நாய் உள்ள வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்ற ஹதீஸ், அனுமதிக்கப்பட்ட நாயையும் குறிக்குமா என்பதில் கருத்து இரண்டு. குறிக்காது என்பது இமாம் கத்தாபீயின் கருத்து. வாசகம் பொதுவானது என்பது நவவீயின் கருத்து. பேணுதலாக நடப்பவர் நாயை முற்றத்திலோ பட்டியிலோ வைப்பார். உறங்கும் அறைக்குள் விடமாட்டார். குகைவாசிகளின் நாயும் வாயிற்படியிலேயே முன்கால்களை நீட்டிக் கிடந்தது என்று கஹ்ஃப் அத்தியாயம் சொல்கிறது. அந்த நாயின் பெயர் கித்மீர் என்பது குர்ஆனில் இல்லை, விரிவுரைகளில் வருவது.

மாலிகி நூல்களில் வழங்கும் ஒரு செய்தி நமக்கு மிகப் பிடித்தது. ஹிஜ்ரி 386இல் மறைந்த கைரவான் நகரத்துப் பேரறிஞர் இப்னு அபீ ஸைத், வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தபோது அச்சத்தால் ஒரு நாயைக் கட்டிவைத்தார். வீட்டில் நாய் வைப்பதை மாலிக் வெறுத்தாரே என்று ஒருவர் கேட்டதற்கு, மாலிக் நம் காலத்தில் இருந்திருந்தால் சிங்கத்தையே கட்டிவைத்திருப்பார் என்றாராம்.

அரபு உரைநடையின் பேராசான் ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255), விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலில் நாயின் பக்கம் ஒருவரையும் சேவலின் பக்கம் ஒருவரையும் நிறுத்தி மிக நீண்ட வாதம் நடத்தினார். பாக்தாதின் இப்னுல் மர்ஸுபான் (மறைவு ஹிஜ்ரி 309), ஆடை உடுத்திய பலரைவிட நாய்கள் மேலானவை என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு நூலே எழுதினார். நாயைப் பற்றிப் பேசுவதே தகாது என்ற கூச்சம் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதே கால அளவில், இந்தப் பக்கத்தில் இன்னொரு கல் எழுந்தது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் 949இல் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். வென்ற இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணைநின்றவன் கங்க மன்னன் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன், வேண்டியதைக் கேள் என்றபோது, பொன்னையோ ஊரையோ கேட்கவில்லை. மன்னனின் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னொரு நாள் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மாண்டன. கருநாடகத்தின் ஆதகூரில் அதற்கு ஒரு கல் நட்டு, நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோவிவனுக்கும் காளிக்கும் இடையே முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள். தொழில் மாறவில்லை.

காட்டுப்பன்றியின் தொல்லையும் மாறவில்லை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை காய் பிடிக்கும் காலத்தில், ஒரே இரவில் பன்றிக் கூட்டம் ஒரு கொல்லையைப் புரட்டிப்போட்டுவிடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நாயை ஏவி முயலோ பன்றியோ வேட்டையாடுவது குற்றம். அதற்கு ஃபிக்ஹில் உள்ள அனுமதியைச் சான்றாகக் காட்டிக்கொண்டு யாரும் காட்டுக்குள் போகக் கூடாது. எஞ்சியிருப்பது காவல். குரைத்து எழுப்பும் ஒரு நாய், கொல்லையில் படுத்திருப்பவனுக்கு இரண்டாவது காது. அறுவடை முடிந்த வயல்களில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுவோரின் நிலையும் அதுவே. வேலியற்ற வெளியில், வலைக்குள் ஆடுகள். வெளியே இருளில் பட்டி நாய்.

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாயினங்கள் இந்தத் தேவையில் உருவானவை. தெற்கே சிப்பிப்பாறையும் கன்னியும் நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, முயலைத் துரத்தும் வேகம் கொண்டவை; அரபு நாட்டு ஸலூக்கி நாயைப் படத்தில் பார்த்தவர்கள் சாயலை உடனே கண்டுகொள்வார்கள். கோம்பை தேனி மாவட்டத்து ஊரின் பெயரால் வழங்குவது, துணிவுக்குப் பேர்போனது. வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம் காவலுக்கு உரியது. 2005இல் இந்திய அஞ்சல்துறை நாட்டு நாயினங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இராசபாளையமும் இடம்பெற்றது. சென்னை சைதாப்பேட்டையில் அரசின் கால்நடை பராமரிப்புத் துறையே நாட்டு நாய்களுக்கான இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை முன்பு நடத்திவந்தது.

இந்தப் புகழால் ஒரு கேடும் வந்தது. நகரத்தில் சில வீட்டார், நம் சமுதாயத்தார் உட்பட, பெயருக்காக இந்த நாய்களை வாங்கி மொட்டை மாடியில் சங்கிலியில் கட்டுகிறார்கள். வயலெங்கும் ஓடப் பிறந்த நாய்க்கு ஆறடிச் சங்கிலி. அது நாளெல்லாம் குரைக்கும், மரத்தைக் கடிக்கும், ஒரு நாள் பிள்ளையைக் கடிக்கும். பிறகு அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இராசபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாது. சொல் கேட்கவில்லை என்று அதை அடிப்போரும் உண்டு. கீராத் குறையும் என்ற எச்சரிக்கை யாரை நோக்கியது என்று நம்மைக் கேட்டால், நாம் முதலில் இந்த மாடிகளைத்தான் காட்டுவோம். வேலை இருந்தால் வைத்துக்கொள் என்ற நிபந்தனை, வளர்ப்பவனின் நன்மையை மட்டுமன்றி நாயின் நன்மையையும் காக்கிறது என்பது எமது கருத்து. வேலைக்கென்று பிறந்த இனத்துக்கு வேலையே நிம்மதி. இதை எமக்குச் சொன்னது கித்தாபன்று; கிடை போடும் ஒரு முதியவர்.

அவரையும், எமது ஊர் கால்நடை மருந்தகத்து மருத்துவரையும் கேட்டறிந்தபின்தான் நாம் அந்தச் சிறுவனின் வீட்டுக்குப் போனோம். ஃபிக்ஹு மட்டும் தெரிந்துகொண்டு போவது பாதி ஹதீஸோடு போவதற்குச் சமம் என்று பட்டது. மூன்று மாதக் குட்டியிலேயே வெறிநோய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும், மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, பிறகு ஆண்டுதோறும் தவறாமல். கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இவையும் எமது பாடக்குறிப்பில் சேர்ந்தன.

வீட்டில் நன்னிமாவும் சிறுவனும் இருந்தார்கள். பட்டியருகே இரண்டு நாய்கள். ஒன்று இளையது, செம்மண் நிறம். எம்மைக் கண்டதும் எழுந்து நின்று, பிள்ளை அதட்டியபின் அமர்ந்தது. மற்றது மிகக் கிழடு. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. எமது வருகையை அது அறியவே இல்லை. நாயைத் துரத்தியிருப்பார்களோ என்ற அச்சத்தோடுதான் வழியெல்லாம் போனோம். துரத்தவில்லை. ஹஜ்ரத் வந்து இரவுக் காவலுக்கு ஆள் சொல்லும்வரை இருக்கட்டும் என்று நன்னிமா தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

திண்ணையில் அமர்ந்து, சிறுவனை முன்னால் உட்காரவைத்து, அந்த ஹதீஸை முழுமையாகச் சொன்னோம். அபூஹுரைரா (ரலி) அவர்களின் விளைநிலத்தையும் சொன்னோம். பாதியில் நிறுத்தியது ஹஜ்ரத்தின் பிழை என்றும் சொன்னோம். அவன் அதைக் கேட்டுக்கொண்டானே தவிர எமது முகத்தைப் பார்க்கவில்லை. எடத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்தான். கள்ளர் எத்தனை பேர், நாய் பிழைத்ததா என்று கேட்டான். இருவர் என்றோம், பிழைத்ததா என்பதைக் கல் சொல்லவில்லை என்றோம்.

பிறகு வெந்நீர், துணி, தொழுமிடம் பற்றியெல்லாம் பேச்சு போயிற்று. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியில் நாய் வாய் வைத்தால் என்ன செய்வது என்று நன்னிமா கேட்டார். தொழுகைக்கென்று ஓர் ஆடையைக் கொடியில் தனியே போட்டுவைப்பதாகச் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் செய்துவருகிறாராம். கடைசியாக, கிழ நாயின் பக்கம் கையைக் காட்டினார்.

"இது இப்ப காவலுக்கும் இல்ல, ஒண்ணுக்கும் இல்ல. கண்ணு தெரியல, காதும் கேக்கல. வேலை செய்யற நாயின்னாதானே அனுமதி? இதுக்கு என்ன சட்டம் ஹஜ்ரத்?"

இந்தக் கேள்விக்கு எமது கித்தாபில் தனிப் பக்கம் ஏதும் நம் கண்ணில் பட்டிருக்கவில்லை. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியைச் சொன்னோம். அந்த நாய் அவனுக்கு எந்த வேலையும் செய்ததில்லை; வழியில் கண்ட நாய் அது. உங்கள் பட்டியில் காலமெல்லாம் விழித்திருந்ததை, கண் போன பிறகு வெளியேற்றச் சொல்லும் துணிவு எமக்கு இல்லை; அது இங்கேயே இருக்கட்டும், சோறு வைப்பது நன்மை என்றே நாம் நம்புகிறோம் என்றோம்.

நன்னிமா தலையை அசைத்தார். சிறுவன் எழுந்துபோய், அந்தக் கிழ நாயின் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். வரும் திங்கட்கிழமை வகுப்பு உண்டா என்று அங்கிருந்தே கேட்டான்.